போஸ்டரில் நாயைக் காணோம்

"ஏங்க, நாயைக் காணோமே!"

உறைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டிருந்த மெத்தைக் கடைக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது.

கடைவாசலில் அவருடைய மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா. எதிர்ச் சுவரில் அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருந்த சினிமா போஸ்டரை, கல்யாணத்துக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கலங்கரை விளக்கம் இருந்தது. கொந்தளிக்கும் கடல் இருந்தது. கையில் லாந்தரோடு, அந்த விளக்கைக் காக்கிற விளக்குக்காரி இருந்தாள். சைக்கிளோடு தபால்காரன் இருந்தான்.

"எந்த நாய்?" என்றார் கடைக்காரர், ஒன்றும் தெரியாதவர் போல.

"எந்த நாயா? கடைசி அத்தியாயத்துல வருமே, ஒத்தைக் காது நாய்! விளக்குக்காரி புயல்ல படகை ஓட்டிக்கிட்டுத் திரும்பி வர்றப்போ, முதல்ல அவளைப் பார்த்துட்டுக் குரைக்குமே! நீங்கதானே எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க?"

"போஸ்டர்ல இடம் இருந்திருக்காது."

"வில்லனை ரெண்டு தடவை போட்டிருக்கான். நாய்க்கு இடமில்லையாக்கும்!"

அவள் உள்ளே போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கடைக்காரர் பாதி திணித்த தலையணையை உருவி, மறுபடி முதலிலிருந்து திணித்தார்.

விஷயம் இதுதான். படமாக எடுத்திருந்த அந்த நாவலில் நாயே கிடையாது. நாய் போகட்டும், விளக்குக்காரி திரும்பி வருவதும் கிடையாது.

மகள் வயிற்றில் இருந்த சமயம் அது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, மனசு கலங்கவும் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பொழுது போகவேண்டுமே என்று கடைக்காரர் பழைய புத்தகக் கடையிலிருந்து அந்த நாவலை வாங்கி வந்தார். எல்லாரும் கொண்டாடுகிற நாவல், மோசமாகவா இருக்கும்? கடையைச் சாத்திவிட்டு வந்ததும் தினமும் ஒரு அத்தியாயம். அவள் சுவரில் சாய்ந்தபடி தலையணை உறைக்கு ஓரம் தைப்பாள். இவர் வாசிப்பார்.

கடைசி அத்தியாயத்தில் வந்தது வினை. நடுக்கடலில் தத்தளிக்கும் படகுகளுக்கு வழிகாட்ட, விளக்குக்காரி லாந்தரோடு படகேறிப் புயலுக்குள் போகிறாள். இவருடைய கண் அடுத்த பத்திக்கு ஓடியது. படகுகள் எல்லாம் கரை சேர்ந்தன. அவள் சேரவில்லை.

"என்னங்க நிறுத்திட்டீங்க? வந்துட்டாளா?" ஊசியை அந்தரத்தில் பிடித்தபடி அவள் கேட்டாள்.

"வந்துட்டா," என்று சொல்லிவிட்டது வாய்.

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? வந்தவளைக் கரையேற்ற வேண்டும். கும்மிருட்டில் அவளை யார் முதலில் பார்ப்பது? அவசரத்துக்கு ஒரு நாய் கிடைத்தது. ஏதோ புதிதாக இருக்கட்டும் என்று அதற்கு ஒரு காதை எடுத்துவிட்டார். தபால்காரனுக்கும் அவளுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். கடற்கரையில் ஒரு ரொட்டிக் கடையும் வைத்துக் கொடுத்தார். பில்லைத் தவிர வேறெதுவும் எழுதாத மனிதர், அன்றைக்கு ஒரே மூச்சில் ஓர் அத்தியாயத்தையே இட்டுக்கட்டி முடித்துவிட்டார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறந்த மகளுக்கு விளக்குக்காரியின் பெயரையே வைத்தாள். வாசித்து முடித்த அன்றைக்கே கடைக்காரர் புத்தகத்தைப் பரணில் இருந்த பழைய பஞ்சு மூட்டைக்குள் செருகிவிட்டு, "கரையான் அரிச்சிடுச்சு" என்றார்.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் வளர்ந்து, படித்து, சரக்குக் கப்பலில் என்ஜினீயராகப் போய்விட்டாள்! டிவியில் புயல் சின்னம் சுழலும்போதெல்லாம் கடைக்காரருக்குச் சோறு இறங்காது. மனைவிதான் தட்டை அவர் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க. விளக்குக்காரி திரும்பி வரலையா? நம்ம பொண்ணும் வருவா," என்பாள்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் வீடே மிதந்துகொண்டிருந்தது. அது பொய் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்? அதிலும், முழ அகலத்துக்குக் கண்ணீரைக் காட்டுகிற பெரிய திரையில் தெரிந்தால்?

ஊருக்கே தூக்கம் விற்கிற மனிதருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

முதலில் சுலபமான வழியைப் பிடித்தார்.

"டிக்கெட்டெல்லாம் தீர்ந்துபோச்சாம்மா. கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும்."

"யார் சொன்னது?" குரல் வாசலிலிருந்து வந்தது. எதிர்க்கடை சலூன்காரர். கத்தரிக்கோலைக் காதில் சொருகிக்கொண்டே ஊர் வம்பைக் கேட்க வருகிறவர். "ஞாயித்துக்கிழமை காலியாத்தான் இருக்கு. இந்தா, போன்லயே போட்டுட்டேன் அக்கா! நடு வரிசை, ஓரத்து சீட்டு."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்றாள் மனைவி.

'நீ உருப்படுவியாடா' என்றது கடைக்காரரின் பார்வை.

"நீங்க அந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா தம்பி?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? கரைச்சுக் குடிச்சிருக்கேன்."

"அப்போ சொல்லுங்க, நாய் இல்லாம அந்தக் கதை நல்லாவா இருக்கும்?"

"நாயா? எந்த நா..."

அதற்குள் கடைக்காரர் கையிலிருந்த இலவம்பஞ்சுத் தலையணை தவறி, சரியாகச் சலூன்காரரின் முகத்தில் விழுந்தது. 'தவறி' என்பது அவர் சொன்னது.

"அவர் படிச்சது சுருக்கப் பதிப்பும்மா," என்றார் அவசரமாக. "நாயெல்லாம் வெட்டியிருப்பான்."

சலூன்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சுருக்கமா? எங்கிட்ட இருக்கறது செங்கல் மாதிரி புத்தகம். இப்பவே எடுத்துட்டு வர்றேன்!"

எடுத்துக்கொண்டும் வந்துவிட்டார். வாசலிலேயே பாய்ந்து மறித்த கடைக்காரர், "நானே பார்த்துட்டுத் தர்றேன்" என்று அதைப் பிடுங்கினார். உள்ளேயிருந்து மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல், பக்கத்தில் நிறுத்திவைத்திருந்த மெத்தையின் ஜிப்பைத் திறந்து புத்தகத்தை உள்ளே தள்ளி மூடினார்.

அந்த மெத்தை ஏற்கெனவே விலைபோன மெத்தை. அவர் திரும்புவதற்குள் அதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மெத்தை திரும்பி வந்தது. கூடவே வாங்கியவரும் வந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி.

"முதுகுவலிக்கு நல்லதுன்னு சொல்லித்தானேய்யா வித்தே? ராத்திரி பூரா நடு முதுகுல ஏதோ குத்துது!"

கடைக்காரர் எழுவதற்குள் மனைவி ஜிப்பைத் திறந்துவிட்டாள். கையை விட்டாள். புத்தகத்தை எடுத்தாள்.

அவள் அட்டையைப் பார்த்தாள். தூசியைத் தட்டினாள். பிரிக்கவில்லை. "தம்பி, உங்க புத்தகம் எங்க மெத்தையில படுத்துத் தூங்கியிருக்கு பாருங்க!" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள்.

"நீ... புரட்டிப் பார்க்கலையா?"

"எதுக்கு? நீங்க படிச்சது இன்னும் என் காதுலயே இருக்கு. அது போதும்."

கடைக்காரர் கல்லாப் பெட்டியில் சாய்ந்துகொண்டார். இப்படி நம்புகிறவளை எப்படி அந்தத் தியேட்டருக்குள் விடுவது?

வெள்ளிக்கிழமை படம் வெளியாயிற்று. அன்று மதியம் துணி எடுக்கப் போகிறேன் என்று கிளம்பிய மனைவி, வெறுங்கையோடு, மூக்கு சிவந்து திரும்பினாள். "ஜலதோஷம்" என்றாள். கடைக்காரருக்கு அதையெல்லாம் விசாரிக்க நேரமில்லை. அடுத்த திட்டத்தை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நீலப்பூ போட்ட துணியில் வட்டமாக ஏதோ தைக்க உட்கார்ந்ததும், மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு சேதி கேள்விப்பட்டேன்மா. படத்துல முடிவை மாத்திட்டாங்களாம். அவ திரும்பி வரமாட்டாளாம். நம்ம கதையைக் கெடுத்துட்டாங்க. நாம போகவேண்டாம்."

மிஷின் நின்றது.

"மாத்திட்டாங்களா? ஒருத்தர் உக்காந்து எழுதினதை இன்னொருத்தர் இஷ்டத்துக்கு மாத்தறதா?"

"அ... அதானே."

"அப்படி மாத்தறவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்?"

கடைக்காரருக்குப் புரையேறியது. "பாவம், அவனுக்கு என்ன நெருக்கடியோ..."

"என்ன நெருக்கடி? நேர்ல கிடைச்சா நாலு கேள்வி கேட்டுடுவேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "கண்டிப்பாப் போறோம். என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பார்த்தே ஆகணும். எனக்கு அந்தக் கதையைப் படிச்சுக் காட்டுனவர் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா?"

பெட்டிப் பாம்பாக அடங்கினார்.

சனிக்கிழமை கடையை விட்டுவிட்டு நேராகத் தியேட்டருக்குப் போனார். கதவருகே ஸ்டூலில் டார்ச்காரர் உட்கார்ந்திருந்தார். இருட்டில் சீட்டுக்கு வழி காட்டுகிற ஆள். கடைக்காரர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கு மதியம், நடு வரிசை ஓரத்துல நானும் என் வீட்டம்மாவும் இருப்போம். அந்தப் பொண்ணு லாந்தரைத் தூக்கிட்டுக் கிளம்புறப்போ நீங்க வரணும். 'கடைக்குள்ள தண்ணி புகுந்துடுச்சாம்'னு சொல்லி என் வீட்டம்மாவை வெளியே கூப்பிடணும். அவ மனசு தாங்காது."

டார்ச்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது.

"உங்க வீட்டம்மாவையா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். இந்தப் படத்துக்கு மனசு தாங்காத ஆளுங்க அதிகமா இருக்காங்க."

"சும்மா வேண்டாம். உக்கார ஒரு மெத்தை தர்றேன்."

"மெத்தை ஆயிடுச்சு சார்." எழுந்து ஸ்டூலைக் காட்டினார். நீலப்பூ போட்ட வட்ட மெத்தை, புத்தம் புதுசு. கடைக்காரர் தொழில் பழக்கத்தில் அதை அழுத்திப் பார்த்தார். "தையல் பிரமாதம்! யார் கடை?" என்றும் கேட்டார்.

"வேண்டியவங்க கொடுத்தது. நீங்க வேணும்னா ஒரு தலையணை கொடுங்க."

பேரம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அரங்கம் இருண்டது. படம் நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. கலங்கரை விளக்கத்தின் வளைந்த படிக்கட்டைக் கண்டதும் மனைவி, "நான் நினைச்ச மாதிரியே இருக்குங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். தபால்காரன் முதல் கடிதத்தைக் கொடுக்கத் தயங்கி நின்றபோது, "நீங்களும் இந்த இடத்துல இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் படிச்சீங்க" என்றாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் தன் கவலையையே மறந்துபோனார்.

திரையில் இடி இடித்தது. விளக்குக்காரி லாந்தரை ஏற்றினாள். டார்ச் வெளிச்சம் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டு வந்து அவர்கள் மேல் நின்றது.

"சார், உங்க கடைக்குள்ள தண்ணி புகுந்துடுச்சாம். கொஞ்சம் வெளியே வாங்க சார்."

"என்னை இல்லைய்யா!" என்று பல்லைக் கடித்தார் கடைக்காரர். மனைவியிடம் திரும்பி, "நீ போய்ப் பாரும்மா. துணியெல்லாம் எங்கே இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

"மெத்தையை என்னால தூக்க முடியுமா? நீங்க போங்க."

"நீ போ!"

"நீங்க போங்க!"

"ரெண்டு பேரும் போய்த் தொலைங்களேன்!" என்றது பின்வரிசை.

இரண்டு பேரும் போனார்கள். வராந்தாவுக்கு வந்ததும் மனைவி திரும்பி, அரங்கின் கதவை இழுத்து அழுத்திச் சாத்தினாள். புயல் சத்தம் அடங்கியது. கடைக்காரர் படியிறங்கப் பார்த்தார்.

"எங்கே ஓடுறீங்க? தண்ணி வந்தது வந்துடுச்சு. இப்படி உக்காருங்க."

சுவரோரமாகப் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார்கள்.

"மிச்சக் கதையைச் சொல்லுங்க."

"இங்கேயா?"

"கடைசி அத்தியாயம். அன்னிக்குப் படிச்ச மாதிரியே."

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். படகு எப்படி அலைமேல் ஏறி இறங்கியது, லாந்தர் எப்படி அணையாமல் நின்றது, ஒற்றைக் காது நாய் எப்படிக் குரைத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். ரொட்டிக் கடைக்கு வந்தபோது அவருடைய கண்தான் முதலில் நிறைந்திருந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "நம்ம பொண்ணு இப்ப எந்தக் கடல்ல இருக்காளோ, வந்துடுவா," என்றாள். "இருங்க, டீ வாங்கிட்டு வர்றேன்."

அவள் அந்தப் பக்கம் போனதும் கடைக்காரர் டார்ச்காரர் மேல் பாய்ந்தார். "ஏன்யா, உனக்குத் தலையணை கொடுத்து என்ன சொன்னேன்? என் வீட்டம்மாவைத்தானே கூப்பிடச் சொன்னேன்? என்னை எதுக்குய்யா கூப்பிட்டே?"

டார்ச்காரர் நீலப்பூ மெத்தையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"முதல்ல மெத்தை கொடுத்தவங்க பேச்சைத்தானே சார் கேக்கணும்? வெள்ளிக்கிழமையே அம்மா தனியா வந்து முழுப் படமும் பார்த்துட்டாங்க. நேத்துக் காலையில இந்த மெத்தையைக் கொண்டாந்து கொடுத்து, 'பஞ்சு மூட்டையில ஒளிச்சு வெச்ச புத்தகத்தை, பிள்ளை பெத்து எழுந்த கையோட படிச்சு முடிச்சுட்டுத்தான் பொண்ணுக்கு அந்தப் பேரை வெச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்த விளக்குக்காரியை இத்தனை வருஷமா சாக விடாம வெச்சிருக்கறவர் என் வீட்டுக்காரர், அவருக்குத்தான் தாங்காது. எப்படியாவது வெளியே கூப்பிட்டுடுப்பா'ன்னாங்க!"