அபூதாஹிரின் பீரங்கி

பீரங்கிக்குப் பூசிய கறுப்புப் பெயின்ற் காய்வதற்குள் ஆள் வந்துவிட்டார்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்தச் சின்னப் பூங்காவின் காவலாளி அபூதாஹிர். முதல்நாள் நகரசபைக் கந்தோரிலிருந்து தகவல் வந்திருந்தது: "நாளைக்குப் பீரங்கியப் பார்க்க ஒரு ஐயா வாறார். நல்லாக் காட்டிவிடுங்கோ." கொழும்பிலிருந்து சரித்திரம் எழுத வருகிறவர்தான் என்று அபூதாஹிர் முடிவுகட்டினான். இந்த 1975ஆம் ஆண்டிலாவது ஒருவருக்கு இந்தப் பீரங்கியின் அருமை தெரிந்ததே! விடிய எழும்பித் தன் கையாலேயே பெயின்ற் பூசினான். பத்து மணிக்கு வருவார் என்று நினைத்தவர் எட்டு மணிக்கே வந்து நின்றார். நெற்றியில் விபூதி, வெள்ளைச் சேர்ட், வெள்ளை வேட்டி, கையில் அளவு நாடா.

"நான் ஞானசேகரம். இதுதானே பீரங்கி?"

"ஓம் ஐயா. கிட்டப் போகாதேங்கோ, தூர நிண்டு பார்த்தாத்தான் வடிவு."

"எவ்வளவு பாரம் வரும்?"

அபூதாஹிர் நெஞ்சை நிமிர்த்தினான். "முப்பது அந்தர்!" ஐயாவின் முகம் மலர்வதைக் கண்டதும், "நாப்பதும் வரும்," என்றான்.

ஐயா கொப்பியில் குறித்துக்கொண்டு, சந்தோஷத்தில் பீரங்கியைத் தட்டிக்கொடுத்தார். கை கறுத்தது. பதறிப்போய்க் கையைச் சேர்ட்டில் துடைத்தார். சேர்ட்டும் கறுத்தது.

"மண்ணெண்ணெய் போட்டாப் போயிரும் ஐயா!"

போட்டான். உள்ளங்கை அளவு இருந்த கறை வயிறுவரை இறங்கியது.

"தண்ணி ஊத்தினாச் சரி!"

பூவாளியைத் தூக்கி ஊற்றினான். ரோசாச் செடிகளுக்கென்று அதில் மாட்டுச்சாணி கரைத்து வைத்திருந்தது ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

"என்ன மனிசனப்பா நீ!"

வேறு வழியில்லை. அபூதாஹிர் தன் காக்கிச் சேர்ட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, ஓட்டைப் பெனியனோடு நின்றான்.

அந்த நேரம் பார்த்து, கிளிவெட்டியிலிருந்து சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் றீற்றா ரீச்சரோடு உள்ளே நுழைந்தார்கள். ரீச்சரைக் கண்ட அபூதாஹிர் வெட்கப்பட்டுப் பீரங்கிக்குப் பின்னால் குந்திக்கொண்டான்.

ரீச்சரின் கண்ணில் பட்டது காக்கிச் சேர்ட்தான். "காவலாளி ஐயா, பிள்ளையளுக்கு இந்தப் பீரங்கியின்ர கதையச் சொல்லுங்கோ."

"நானோ? எனக்கு ஒண்டும்…"

"சொல்லுங்கோ ஐயா," என்றது பின்னாலிருந்து ஒரு ரகசியக் குரல். "நான் அடியெடுத்துத் தாறன்."

குரல் சொல்லச் சொல்ல ஞானசேகரம் உரக்கச் சொன்னார். இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர், இங்கிலீசுக்காரர் எல்லாரும் வந்தார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து நெருங்கினார்கள். அவருக்கும் குரல் ஏறியது.

"யப்பான்காரன் குண்டு போட்ட அண்டு, என்ர உம்மா…" என்றது குரல்.

"என்ர உம்மா," என்றவர், நெற்றி விபூதி ஞாபகம் வந்து, "என்ர அம்மா," என்று திருத்தினார். "என்னை வயித்தில வச்சுக்கொண்டு இந்தப் பீரங்கிக்குப் பின்னாலதான் ஒளிச்சிருந்தவ. குண்டுச் சிதறல் இதிலதான் பட்டது. இந்தா, அந்தத் தழும்பு."

ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள். "அப்ப இது இல்லாட்டி நீங்கள் இல்லையோ?"

பின்னாலிருந்து குரல் வரவில்லை. ஞானசேகரம் எட்டிப் பார்த்தார். அபூதாஹிர் பெயின்ற் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் பிள்ளை," என்றார் அவர், தானாகவே. "இருந்திருக்க மாட்டன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் பீரங்கியைத் தொடப் போனான். "தொடாதேங்கோ! எங்கட ஊர்ப் பீரங்கி!" என்று ஞானசேகரமே பாய்ந்து தடுத்தார்.

அவர்கள் போனதும் காக்கிச் சேர்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். சாணி மணக்கும் தன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, கொப்பியில் எழுதிய தாளைக் கிழித்துக் கசக்கினார்.

"ஐயா, பிழை ஏதும் இருந்தா…"

"பிழை ஒண்டுமில்லைத் தம்பி. நீ வடிவாப் பார்த்துக்கொள்."

அபூதாஹிருக்குப் பெருமை தாங்க முடியவில்லை. கொழும்புப் பெரியமனிதர் வாயாலேயே உம்மாவின் கதை ஊருக்குக் கேட்டுவிட்டது; இனிப் புத்தகத்திலும் வரும். வாசல்வரை கூடவே நடந்தான்.

வாசலில் பெரிய லொறியொன்று நின்றது. கயிறும் பாரம் நெம்பும் அலவாங்குமாக நான்கு பேர் இறங்கி நின்றார்கள். ஞானசேகரம் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தி, "எடு, போவம்," என்றார்.

லொறிச் சாரதி தலையைச் சொறிந்தான்.

"என்ன முதலாளி, பழைய இரும்பெண்டு ஏலத்தில எடுத்த பீரங்கிய ஏத்தாமலா போறம்?"