ஜனாதிபதி தவழ்ந்த வீடு

“முத்தலிப் நானா, ஆர் வந்தாலும் சிரிச்ச முகத்தோட நில்லுங்கோ. போன முறை மாதிரி ‘தொடாதீங்க, தொடாதீங்க’ எண்டு கத்தாதேங்கோ,” என்றாள் சிவாஜினி கைபேசியில்.

முத்தலிப் ஏணியின் நடுப்படியில் நின்றார். ஒரு கையில் கைபேசி, மறுகையில் பெயின்ற் அடிப்பதற்காக அப்போதுதான் கழற்றிய பெயர்ப்பலகை. கீழே அவர் வைத்துவிட்டு ஏறிய வெற்றிலையை ஒரு புள்ளிமான் ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. திருகோணமலையில் மானுக்கு எவரும் கோபிப்பதில்லை. அவரும் கோபிக்கவில்லை.

“ஆரு வரப் போற, பிள்ளை?”

“கொழும்பிலயிருந்து பரிசோதனைக்கு ஆக்கள். இண்டைக்கோ நாளைக்கோ. ஆர் எண்டு சொல்லமாட்டினம். சும்மா வீடு பார்க்க வந்த குடும்பம் மாதிரி வருவினமாம். அவையள் சொல்லுறதில தான் எல்லாம் இருக்கு. உங்களை நிரந்தரமாக்குறதோ, வீட்டை இழுத்துப் பூட்டுறதோ, அவையளின்ர கையில.”

சிவாஜினி மாவட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞர். நல்ல பிள்ளை. ஆனால் கலவரமான செய்தியைக்கூட மழை வரப்போகிறது என்பதுபோல் சொல்வாள்.

அந்த வீடு உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. எங்கேயோ நடுக்கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டின் முன்னாள் ஜனாதிபதி, சிறு பிள்ளையாக அங்கேதான் வளர்ந்தார். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் கணக்கெழுதியவர். அந்த நாட்டின் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடியவர் திருகோணமலையில் எவருமில்லை. முத்தலிப்பே மூன்று விதமாகச் சொல்வார். எப்படிச் சொன்னாலும் வந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த நாடு காசு கொடுத்தது, இங்கே ஒரு திணைக்களம் வீட்டைப் பழைய மாதிரியே பாதுகாத்தது, முத்தலிப் அந்தப் பாதுகாப்பைப் பாதுகாத்தார். வருடக்கணக்காகத் தற்காலிகமாக.

தற்காலிகம் என்ற சொல்தான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. மகள் பஸ்மியாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண் வீட்டார்தான் வீடு கொடுக்க வேண்டும். மூதூரில் ஒரு துண்டு வளவு கிடந்தது, அதில் நான்கு தென்னையைத் தவிர வேறொன்றும் எழும்பவில்லை. வேலை நிரந்தரமானால் வங்கியில் கடன் எடுக்கலாம், கடன் எடுத்தால் வீடு கட்டலாம், வீடு கட்டினால் பஸ்மியா. கலியாணம் பேசும் அபூதாஹிர் போன கிழமை வந்து, மாப்பிள்ளை ஒன்று கையில் இருக்கிறது என்று சொன்னபோதும் முத்தலிப் இதைத்தான் சொன்னார். அபூதாஹிர் அண்ணாந்து இந்த வீட்டின் கூரையைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முத்தலிப் பெயர்ப்பலகையின் பழைய எழுத்தை மறைத்துப் பெயின்ற் அடித்து, பின்வளவில் காயவைத்துவிட்டுக் கைகழுவி வரவும், வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

இறங்கியவர்கள் மூன்று பேர். கண்ணாடி போட்ட, பார்த்தாலே பயம் வருகிற ஒரு பெண்மணி. இடுப்பில் அளவுநாடா செருகிய ஒரு நடுவயதுக்காரர். கைத்தடியோடு ஒரு பெரியவர்.

அளவுநாடாவைக் கண்டதும் முத்தலிப்புக்கு விளங்கிவிட்டது. சுற்றிப் பார்க்க வருகிறவன் அளவுநாடாவோடு வருவானா?

“அஸ்ஸலாமு அலைக்கும். வீடு பார்க்க வந்தம்,” என்றார் பெண்மணி. “நான் நஜ்முன் நிஸா. இவர் என்ட தம்பி சஜீத். அவர் என்ட புருஷன், முஹம்மது தம்பி. கிண்ணியாவிலயிருந்து வாறம்.”

கொழும்பிலிருந்து வந்துவிட்டு, பேச்சைக்கூடப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று முத்தலிப் வியந்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

“டிக்கட் எடுக்கணும்,” என்றார் தயங்கியபடி.

சஜீத் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்ல பகிடிக்காரன், ராத்தா.”

முத்தலிப்பும் சேர்ந்து சிரித்தார். சிரித்த முகத்தோடு நிற்கும்படிதானே சொல்லியிருந்தார்கள். பயிற்சியில் பாடமாக்கிய வரவேற்பும் அப்போது ஞாபகம் வந்தது.

“உள்ளுக்கு வாங்க. இத உங்கட சொந்த வீடு எண்டு நினைச்சுக்கொள்ளுங்க.”

நஜ்முன் நிஸா தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார். இருவருக்கும் அந்த வார்த்தை பிடித்திருந்தது.

மண்டபத்தில் சாமான்களைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. “இதென்ன, ஆடு கட்டவா?” என்று சஜீத் கேட்டார். முறைப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில் முத்தலிப் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். சுருட்டி முடிப்பதற்குள் முஹம்மது தம்பி நேராகப் போய் ஜனாதிபதியின் தகப்பனாருடைய சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். எழுபது வருடமாக எவரும் உட்காராத கதிரை. அது ஒரு முறை முனகியது. பிறகு அவருடைய குறட்டை கேட்டது.

“முழங்கால் வருத்தம் அவருக்கு. கிடக்கட்டும்,” என்றார் நஜ்முன் நிஸா.

“கிடக்கட்டும், கிடக்கட்டும்,” என்றார் முத்தலிப். கதிரையின் பக்கம் அவர்களுடைய பார்வை போகாமல் இருக்க வேண்டும் என்று அவசரமாக அறைக்குள் கூட்டிப்போனார். “இதுதான் ஜனாதிபதிட கட்டில். இது ஜனாதிபதிட மேசை. இந்த ஜன்னலால பார்த்துத்தான் அவர் கப்பல் எண்ணிப் பழகினவர்.”

நஜ்முன் நிஸா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே துறைமுகம் நீலமாகக் கிடந்தது. ஒரு கப்பல் அசையாமல் நின்றது.

“ஆரு ஜனாதிபதி?”

முத்தலிப் அந்த நாட்டின் பெயரை இரண்டாவது விதமாகச் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

“வாடகைக்கு இருந்தவங்களா?”

“ஓம், வாடகைக்குத்தான்.”

“இப்பயும் வாறவரா?”

“வருவன் எண்டு சொல்லியிரிக்கார். எப்ப எண்டு தெரியா. அவர்ட சாமானெல்லாம் அப்படியே கிடக்கு.”

இதைக் கேட்டு நஜ்முன் நிஸாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஏன் என்று முத்தலிப்புக்குப் புரியவில்லை. பராமரிப்பில் குறை கண்டுவிட்டார்களோ என்று ஜன்னல் விளிம்பைக் கையால் துடைத்துவிட்டார். அதற்குள் சஜீத் நாடாவை விரித்து அறையை அளந்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“மழைக்கு ஒழுகுமா?”

“ஒரு சொட்டு விழாது.”

“காணிக்கு வழக்கு வம்பு ஏதும்?”

“ஒண்டும் இல்ல. காணி உறுதிப் பத்திரமெல்லாம் கொழும்பில கவனமா இரிக்கு.”

“தண்ணி?”

நல்ல தண்ணி என்று சொன்னதும் நஜ்முன் நிஸா பின்வளவுக்குப் போய், கிணற்றில் தானே வாளி போட்டு அள்ளி, வாய் கொப்பளித்து, குடித்து, கண்ணை மூடி ருசி பார்த்தார். இப்படிப் பரிசோதிக்கிற உத்தியோகத்தரை முத்தலிப் வாழ்நாளில் கண்டதில்லை. பின்னறைக் கதவு வழியாக அவருடைய மனைவி ஸாலிஹாவும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பின்னுக்கு ஆரு இரிக்கிற?”

குடும்பத்தோடு அங்கே தங்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று முத்தலிப் எவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். “நானும் பெண்சாதியும் மகளும். சின்ன இடம்தான், ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்ல.”

“அது முறைதானே,” என்றார் நஜ்முன் நிஸா. முத்தலிப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குசினியில்தான் வினை பிடித்தது. எல்லாம் அந்தக் காலம் மாதிரியே வேலை செய்யும் என்று அவர் வாய் தவறிப் பெருமையடித்துவிட்டார். அப்படியா என்று நஜ்முன் நிஸா காய்ந்த தென்னோலையை எடுத்து அடுப்பை மூட்டிவிட்டார். புகைக்கூண்டுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வௌவால்கள் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டன. அவற்றின் பின்னால் புகை கிளம்பி, போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது. எல்லோரும் இருமினார்கள். முஹம்மது தம்பி மட்டும் மண்டபத்தில் நித்திரையாகக் கிடந்தார்.

இருமலை நிறுத்தத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். முத்தலிப் ஸாலிஹாவிடம் ஓடினார்.

“கண்ணாடி அலுமாரியில இருக்கிற கோப்பைய எடு.”

“ஜனாதிபதிட உம்மாட கோப்பையா? உங்களுக்கென்ன விசரா?”

“நம்மட பிளாஸ்டிக் கோப்பையில குடுத்தா, வந்தவங்களுக்கு மரியாதை தெரியா எண்டு சொல்லிப்போட்டுப் போவாங்க. பஸ்மியாட வாழ்க்கை இதிலதான் இரிக்கு.”

மகளின் பெயரைக் கேட்டதும் ஸாலிஹா அலுமாரியைத் திறந்தாள். பூப்போட்ட கோப்பைகளில் இஞ்சித் தேத்தண்ணி போனது. நஜ்முன் நிஸா ஸாலிஹாவைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லி, பக்கத்தில் இருத்திக்கொண்டு, கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்து, “நல்ல பழைய சாமான், இதுவும் இஞ்சயேதான் இரிக்குமா?” என்று கேட்டார். ஒன்றும் வெளியே போகாது என்று முத்தலிப் மார்பில் கை வைத்து உறுதி சொன்னார்.

சஜீத் அறைப்பக்கம் போய்த் திரும்பி வந்து நாடாவைச் சுருட்டினார். “ராத்தா, அறை சின்னன். நடுச்சுவரை உடைச்சா ரெண்டு அறையும் ஒண்டாயிரும். அந்தச் சின்னக் கட்டிலையும் எடுத்துப்போட்டுப் பெரிய கட்டில் போடலாம்.”

முத்தலிப்புக்குத் தலை சுற்றியது. ஒரு செங்கல் பெயர்ந்தாலும் முறைப்பாடு எழுதும் திணைக்களம், இப்போது சுவரையே உடைக்கச் சொல்கிறது. மறுத்தால் வேலை போகும். “நீங்க சொன்னா உடைக்கலாம்,” என்றார் மெதுவாக.

“இன்னும் ஒருத்தர் பார்க்கணும். முடிவு அவர்ட கையில,” என்று நஜ்முன் நிஸா கைபேசியை எடுத்தார். “கட்டாரில இரிக்கார்.”

அமைச்சர் வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கிறார் போலும். திரையில் ஓர் இளைஞனின் முகம் தெரிந்தது. இந்தக் காலத்தில் அமைச்சர்களும் இளவயதிலேயே வந்துவிடுகிறார்கள் என்று எண்ணிய முத்தலிப், சாரத்தை இழுத்துச் சரிசெய்து விறைப்பாக நின்று ஸலாம் சொன்னார். அந்த இளைஞனும் படாரென்று எழுந்து விறைப்பாக நின்று ஸலாம் சொன்னான். இவ்வளவு பணிவான அமைச்சரை நாடு பார்த்திருக்காது. கைபேசி அறை அறையாகச் சுற்றி வந்தது. ஜன்னலும் கப்பலும் தெரிந்தபோது இளைஞன் ஏதோ மெல்லச் சொன்னான். நஜ்முன் நிஸா சிரித்துக்கொண்டே கைபேசியை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு வெள்ளைக்காரரும் அவர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரரும் வந்து நின்றார்கள். இருக்கிற ஆட்களுக்கே பதில் சொல்லி முடியவில்லை. முத்தலிப் ஓடிப்போய், இன்றைக்கு ஏலாது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு வந்தார்.

“ஆரு அது?” நஜ்முன் நிஸாவின் குரல் மாறியிருந்தது.

“வீடு பார்க்க வந்தவங்க.”

“வேற ஆக்களும் வாறாங்களா?”

இதில்தான் தன்னுடைய திறமையைக் காட்ட வேண்டும் என்று முத்தலிப் நிமிர்ந்தார். “நாளாந்தம் வருவாங்க. நேத்துக்கூட நாலு குடும்பம். வெளிநாட்டிலயிருந்தெல்லாம் வருவாங்க. பார்த்த எல்லாருக்கும் புடிச்சிரிக்கு.”

அக்காவும் தம்பியும் மூலைக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தபோது நஜ்முன் நிஸா முடிவெடுத்தவராக இருந்தார்.

“இனி ஒருத்தருக்கும் வீட்டைக் காட்டாதீங்க. இண்டையோட நிப்பாட்டுங்க.”

முத்தலிப் சுவரைப் பிடித்துக்கொண்டார். பூட்டப் போகிறார்கள். சிரித்த முகம், கோப்பை, கயிறு, சுவர், எல்லாம் கொடுத்தும் பூட்டப் போகிறார்கள். பஸ்மியாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. தனக்கு அழுகை வந்துவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“அப்ப என்ட நிலைமை?” என்று கேட்டார். “எனக்கு ஒரு பொம்புளப் பிள்ளை இரிக்கு. இத விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல.”

நஜ்முன் நிஸாவின் முகம் இளகியது. “உங்களை ஆரு போகச் சொன்ன? நீங்க ரெண்டு பேரும் கடைசி மட்டும் பின்னுக்கே இரிங்க. நாங்க அப்படிப்பட்ட ஆக்கள் இல்ல.”

கடைசி மட்டும். அதற்கு நிரந்தரம் என்றுதானே அர்த்தம். முத்தலிப்பின் கண் கலங்கிவிட்டது. வீடு பூட்டினாலும் வேலை பூட்டவில்லை. கடன் எடுக்கலாம், மூதூரில் அத்திவாரம் வெட்டலாம். அபூதாஹிரை இன்றைக்கே கூப்பிட்டு அந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டும். கலியாணத்துக்கு இவர்களுக்கும் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் முடிவுசெய்துகொண்டார். ஸாலிஹா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சத்தத்தில் முஹம்மது தம்பி விழித்தார். சாய்மனைக் கதிரையிலிருந்து இரண்டு பேர் பிடித்துத் தூக்க எழுந்து, கைத்தடியை ஊன்றி, மனைவி காதுக்குள் குசுகுசுத்ததைக் கேட்டுத் தலையாட்டியபடி வான்வரை நடந்தார். ஏறுவதற்கு முன் திரும்பி, முத்தலிப்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப வாறம், சம்மந்தி. அபூதாஹிர் சொன்னதுக்கு மேல வீடு நல்லா இரிக்கு, மகனுக்கும் புடிச்சிட்டாம். நிக்காஹ்வுக்கு முதல் அந்த ஜனாதிபதிய மட்டும் வேற வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க.”