கொடி இறங்கும்வரை பூனை இல்லாத வீடு

ஏழாலை,
புரட்டாதி 4.

அன்புள்ள மகள் தயாளினிக்கு,

நோர்வேக் குளிருக்கு ஏற்ற உடுப்போடும் நல்ல பசியோடும் நீயும் மருமகனும் இருப்பீர்கள் என்று நம்பி அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அம்மாவின் மூன்று பூனைகள், ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் சுகம். இந்த ஒரு வசனத்தை எழுதும் நிலைக்கு வர எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் "றாணி எங்கை, காட்டுங்கோ" என்று பாய்வாய், என் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடிதத்துக்குள் பாய முடியாது. ஆறுதலாக இருந்து கடைசிவரை வாசி.

உன் பூனை றாணியை நீ என் கையில் தந்துவிட்டு விமானம் ஏறினாய். கொக்குவில் அறையில் தனியாக வளர்ந்த பிள்ளை, வேறு பூனையை முன்னே பின்னே கண்டிராதவள், கொஞ்சம் கூச்சப்படுவாள் என்றாய். கூச்சப்பட்டது அவள் இல்லை. முதல் மணித்தியாலத்திலேயே அம்மாவின் பூனைகளில் ஒன்று குசினிக் கூரையில், ஒன்று தண்ணீர்த் தாங்கியின் மேல், மூன்றாவது என் பழைய கோப்புகளுக்குள் புகுந்து இரண்டு நாள் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா முற்றத்தில் பிள்ளையாருக்குப் பொங்கினா. பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து நான்கும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அடுப்பைத் தாண்டின. மூன்று தாண்டிவிட்டன. நான்காவது பானையோடு போனது. அம்மா கை கழுவி, சீலை மாற்றி, கோபித்துப் போகிறபோது எடுக்கிற அந்த மெரூன் நிறப் பையை எடுத்தா. "இஞ்சருங்கோ, உங்கடை மகாராணி எண்டைக்கு இந்த வீட்டை விட்டுப் போறாவோ, அண்டைக்குச் சொல்லி அனுப்புங்கோ, நான் வாறன். அதுவரைக்கும் என்ரை பூனையளுக்கு ஏதும் நடந்துதெண்டால் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டுக் கொடிகாமத்துக்கு, தங்கச்சி வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டா.

அன்று பின்னேரம் நீ தொலைபேசி எடுத்தாய். "அப்பா, அவளைச் சாக்கிலை கட்டிக் கொண்டுபோய்ச் சுன்னாகம் சந்தையிலை விட்டியளெண்டால் நான் இனி உங்களோடை கதைக்கவே மாட்டன். ஒரு பூனையும் இல்லாத வீடாப் பாருங்கோ." அந்தப் பக்கம் பெண்சாதி, இந்தப் பக்கம் மகள், நடுவில் நானும் நான்கு பூனைகளும் நானே வைத்த ரசமும். ரசத்தை விடு பிள்ளை. சண்டை பிடிக்க ஆளில்லாத வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அம்மா இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை. இதை அவவிடம் சொல்ல மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆனால் உன் அப்பா முப்பத்தொரு வருடம் ஊர்ப் பதிவெல்லாம் கையில் வைத்திருந்த விதானையாராக இருந்தவன். எந்த வீட்டில் எத்தனை பேர், ஆர் வெளிநாடு, ஆர் பொய்க்குப் பதிந்திருக்கிறார் என்று படலையடியில் நின்றே சொல்லுவேன். பூனை இல்லாத வீடு ஒன்று கண்டுபிடிப்பது எனக்கு ஒரு வேலையா என்று சைக்கிளில் இறங்கினேன். மூன்று கிழமை மிதித்தேன். மீன் வெட்டுகிற வீடெல்லாம் பூனை. கடைசியில், நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறி ஒரு கிழமைக்குப் பிறகு, புன்னாலைக்கட்டுவனில் தோட்டக்காரர் தேவராசா வீடு அகப்பட்டது. வெங்காயக் கொட்டில் முழுக்க எலி, ஒரு பூனை கிடைத்தால் புண்ணியம் என்றார். நான் சும்மா நம்பி விடுகிற ஆளில்லை. காலை ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், மாலை ஒருக்கால் போய்ப் பார்த்தேன். குசினி, கிணற்றடி, வைக்கோல் போர், கூரை. ஒரு பூனை மயிர்கூட இல்லை. "நேரில் பரிசோதித்தேன். பூனைகள்: இல்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்து, அதைப் படமெடுத்து உனக்கும் அனுப்பி, றாணியைத் தேவராசாவிடம் விட்டேன். நீ சிவப்பு இதயம் ஒன்று அனுப்பினாய். அம்மா, திருவிழாவின் கடைசித் தீர்த்தம் முடிய வருவதாகச் சொன்னா.

தீர்த்தம் முடிந்தது, கொடியும் இறங்கியது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் தேவராசா தொலைபேசியில் நின்று கத்துகிறார். "விதானையார், கெதியா வாங்கோ, வீடு அழியுது!" போனால், இருபத்தைந்து நாள் விரதம் முடித்து அந்த வீட்டில் அன்றுதான் மீன் வெட்டியிருக்கிறார்கள். மதிலால் இரண்டு, வேலியால் மூன்று, கூரையால் ஒன்று, ஆறு பூனைகள் தங்கள் சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்திருக்கின்றன. றாணி ஆறையும் ஒரு ஆளாக நின்று வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயப் பிடிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. மீன் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. தேவராசா கூட்டுகிற தும்புத்தடியோடு கதிரைக்கு மேலே நிற்கிறார்.

"பூனை இல்லையெண்டு சொன்னீர்?"

"உதுகள் எங்கடை பூனையள் இல்லை, விதானையார். மீன் வெட்டேக்கை வாறதுகள்."

பக்கத்து வீட்டுச் சுகிர்தம் ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறா. அவை வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிற ஆட்கள், திருவிழாவுக்கு மீன் மச்சம் நிறுத்துவதில்லை. "ஒவ்வொரு வரியமும் இப்பிடித்தான். கொடி ஏற உதுகள் எங்கடை வீட்டை வாறதுகள், கொடி இறங்கத் திரும்பிப் போறதுகள். நீங்கள் அண்டைக்கு வந்து கூரையெல்லாம் பாக்கேக்கை ஆறும் எங்கடை குசினியிலை படுத்திருந்ததுகள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்." முப்பத்தொரு வருடச் சேவை, பிள்ளை. பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்கிற ஒரு குடியிருப்பைப் பதியாமல் விட்டுவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து ரீச்சருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். உடுவிலில் தன் தமையன் ஹெக்டர் மாஸ்டர் தனியாக இருக்கிறார், சீசர் என்று ஒரு பெரிய நாய், நாலு வருடமாக அந்த வளவுக்குள் ஒரு பூனையும் கால் வைத்ததில்லை என்றா. ஒரு முறை சூடுபட்டவன் நான். றாணியைக் கூடைக்குள் வைத்து, சந்தையில் ஒரு கிலோ சூடை மீனும் வாங்கிக்கொண்டு போனேன். ஹெக்டர் மாஸ்டர் வாசலில் நின்று, "இதென்ன, விருந்தோ?" என்று கேட்டார். "இல்லை, பரிசோதனை" என்று சொல்லி, அவருடைய கிணற்றடியில் குந்தியிருந்து மீன் முழுவதையும் நானே வெட்டினேன். ஒரு மணித்தியாலம் காவலிருந்தேன். காகம் வந்தது. பூனை வரவில்லை. அதன் பிறகுதான் கூடையைத் திறந்தேன்.

சீசர் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. றாணி எழும்பவே இல்லை. அது கிட்ட வரும்வரை பார்த்திருந்து மூக்கில் ஒன்று வைத்தாள், ஒன்றே ஒன்று. ஆறடி நீட்டு நாய் சாய்மனைக் கதிரைக்குக் கீழே போய்விட்டது. அவள் போய்க் கதிரைக்கு மேலே படுத்தாள். மனைவி போன பிறகு சிரிப்பை மறந்துபோனவர் என்று ரீச்சர் சொன்ன ஹெக்டர் மாஸ்டர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "இவ இஞ்சை இருக்கட்டும். இந்த வீட்டுக்கு ஒரு ஹெட்மாஸ்டர் இல்லாமல் இருந்தது." பயந்துபோன சீசருக்கு வெட்டின சூடை முழுவதையும் கொடுத்து, தலையைத் தடவி, புதிதாக ஒரு பத்திரம் எழுதினேன்: "பூனைகள்: இல்லை. மீன் வெட்டிப் பார்த்து உறுதி செய்யப்பட்டது." படம் இத்துடன்.

நேற்று அம்மா வந்து இறங்கினா. வந்தவுடன், "என்ரை பூனையள் மெலிஞ்சு போச்சுதுகள்" என்றா. நான் மெலிந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் மத்தியானம் எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. மகளே, பெண்சாதி வீட்டில், மகளுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது, உன் றாணி அரியணையில். நாலு வருடமாக ஒரு நாய் ஆண்ட வீட்டை அவள் ஆளுகிறாள். உன் அப்பா தோற்றுப்போகிற ஆளில்லை என்று மருமகனுக்கும் சொல்லு.

ஏழாலைப் பிள்ளையார் உங்கள் இருவரையும் வழுக்காத பாதையில் நடத்துவாராக. பனியில் பார்த்துக் கால் வையுங்கள்.

இப்படிக்கு,
வெற்றியோடு,
உன் அப்பா,
ச. அருளம்பலம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் ஹெக்டர் மாஸ்டர் தொலைபேசி எடுத்தார். "விதானையார், உங்கடை றாணி மூண்டு நாளா எங்கடை சீசரை வீட்டுக்குள்ளை விடுறா இல்லை. அவன் படலை பாய்ஞ்சு போட்டான். உங்கை வந்தவனோ?" ஓம், வந்தவன். சூடை கொடுத்த கையை மறக்காமல் உடுவிலில் இருந்து மணம் பிடித்து வந்து இப்போது என் காலடியில் படுத்திருக்கிறான், போகச் சொன்னாலும் போகிறான் இல்லை. அம்மாவின் பூனைகள் ஒன்று குசினிக் கூரையில், ஒன்று தண்ணீர்த் தாங்கியில், ஒன்றைக் காணவில்லை, கோப்புகளுக்குள் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு பூனையும் இல்லாத வீடு, இந்த முறை சீசருக்கு, எனக்குத் திரும்பவும் உடனே தேவைப்படுகிறது. அம்மா அறைக்குள் மெரூன் பையைத் தேடுகிற சத்தம் கேட்கிறது. தேடட்டும். அதை நான் நேற்று அவ வந்து இறங்கின உடனேயே அலுமாரிக்கு மேலே ஒளித்துவிட்டேன்.