மேகபுரிப் பூனைகளின் மானம் காத்த மன்றம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 'மேகபுரிப் பூனைகள்' படத்துக்கு ரசிகர் மன்றம் கண்டது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயங்கள் என்பது மன்றத்தின் கருத்து. மன்றச் செயலரான பல் வைத்தியரின் கருத்தும் அதுவே. செயலர் தனிக் கருத்து வைத்துக்கொள்ள விதிகளில் இடமில்லை.

படம் பார்க்காத துர்பாக்கியசாலிகளுக்காக: மேகங்களுக்கு மேலே ஒரு நகரம், வரைந்த பூனைகள் ஆளுகிற நகரம். பூனை ராஜா தும்மினால் கீழே மழை பெய்யும். ஒருநாள் நிறைந்த சபையில் ராஜாவின் மூக்கில் பஞ்சு புகுந்துவிட, அவர் போட்ட தும்மலில் சிம்மாசனத்தோடு மல்லாக்கப் போய்ப் பால் தொட்டியில் விழுகிறார். மீசை சொட்டச் சொட்ட எழுந்து, "யாரும் பாக்கலையே?" என்று கம்பீரமாகக் கேட்கிறார். சபை மொத்தமும் சுவரைப் பார்க்கிறது.

வைத்தியர் இந்தப் படத்துக்குப் போனது மகள் சிட்டுவின் நச்சரிப்புத் தாங்காமல்தான். பால் தொட்டிக் காட்சியில் அவள் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்பல் விழுந்த வாய் முழுவதும் தெரியச் சிரித்தாள். நாளெல்லாம் பயந்து பயந்து திறக்கிற வாய்களைப் பார்த்தே பிழைக்கிற மனிதர், தானாகத் திறந்த ஒரு வாயைக் கண்டு உருகிப் போனார். படத்தைவிட அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அவளைத் திரும்பத் திரும்பக் கூட்டிப்போனார். அப்படிப் போய்வந்ததில்தான் மன்றத்தாரிடம் மாட்டிக்கொண்டார். மன்ற மொழியில் சொன்னால், 'தம்மை இணைத்துக்கொண்டார்'.

மன்றம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, ஒரு பத்திரிகை விமர்சகர் இப்படி எழுதும்வரை: "குழந்தைகளோடு போய் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வரலாம்."

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர்; பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். விமர்சனத்தை எழுந்து நின்று வாசித்தவர், 'சிரித்துவிட்டு' என்ற இடத்தில் குரல் கம்மி உட்கார்ந்துவிட்டார். உறுப்பினரான வங்கி மேலாளர், தேநீர் இடைவேளையில் கீழ்நிலை ஊழியர் ஒருவர் தம்மைப் பார்த்து மெல்ல 'மியாவ்' என்றதாகச் சபையில் முறையிட்டார். குழந்தைப் படத்துக்கு ரசிகர் என்று பேர் வாங்கினால் நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. ஆகவே, படத்தின் மையக்கருத்து 'ஆட்சியின் தனிமை' என்றும், பால் தொட்டி என்பது தொட்டியல்ல, 'காலம்' என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. சிறப்புக் காட்சி ஒன்று ஏற்பாடு செய்து, விமர்சகரை நடுவில் உட்காரவைத்து, ஒருவர்கூடச் சிரிக்காமல் பார்த்துக் காட்டுவது என்றும் முடிவானது.

ஞாயிறுதோறும் வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஒத்திகை நடந்தது. சிரிப்பு வந்தால் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொள்ளும்படி தலைவர் பணித்தார். வாயில் புண் வரும் என்று வைத்தியர் மருத்துவ ரீதியில் ஆட்சேபித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடிக்கும் மாற்று முறையை வழங்கினார். அறிவியல் பூர்வமான மன்றம் அது.

ஒரு ஞாயிறு ஒத்திகை முடிந்ததும் தலைவர் அவரைத் தனியே அழைத்தார்.

"உங்க வீட்டுலதான் ஓட்டை இருக்கு டாக்டர். உங்க பொண்ணு சிரிச்சிடுவா."

"குழந்தைதானே சார். வேணும்னா கூட்டிட்டு வரலை."

"வராம இருந்தா நாம பயந்துட்டோம்னு ஆயிடும். வரட்டும். சிரிக்காம வரட்டும்."

வீட்டில் பயிற்சி ஆரம்பமாயிற்று. பால் தொட்டிக் காட்சியைக் கைபேசியில் ஓடவிட்டு, சிட்டு சிரித்ததும் நிறுத்தி, நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மனைவி துணி மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல எல்லாரையும் வாயைத் திற திறங்கிறீங்க, பெத்த பொண்ணை மட்டும் மூடச் சொல்றீங்க," என்றாள். ஒரே ஒருநாள் கூத்துதானே என்று வைத்தியர் சமாளித்தார். சிட்டு கெட்டிக்காரி. அந்த வாரக் கடைசியில், பல் பிடுங்க வந்தவள்போல் விறைப்பாக உட்கார்ந்து முழுக்காட்சியையும் பார்த்து முடித்தாள். வைத்தியருக்கு நெஞ்சில் என்னவோ குத்தியது. அதை மன்றத்துக்குத் தெரிவிக்கவில்லை.

சிறப்புக் காட்சி அமோகமாக நடந்தது. ராஜா தொட்டியில் விழுந்தபோது அரங்கத்தில் ஒரே ஒரு சிரிப்புதான் கேட்டது, விமர்சகரின் சிரிப்பு. அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் சட்டென்று குனிந்து, விழாத பேனாவைத் தேட ஆரம்பித்தார். சிட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது விமர்சகர் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் படத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். 'இது சிரிப்பதற்கான படமன்று. குழந்தைகளைத் தவிர்ப்பது நலம்' என்று மறுவாரம் எழுதியும் விட்டார்.

குடும்பங்கள் தவிர்த்தன. காலி நாற்காலிகளுக்குப் படம் காட்டிப் பார்த்த அரங்க மேலாளர், அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார். 'படம் பார்வையாளர்களைக் கடந்து சென்றுவிட்டது' என்று மன்றம் பெருமிதத்தோடு தீர்மானம் போட்டது. கூடவே சிட்டுவுக்கு 'முதிர்ந்த ரசிகை' பதக்கமும் அளித்தது. அவள் அதைச் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், வைத்தியரும் தட்டினார்.

பதக்கத்தோடு வீடு திரும்பிய மாலையில், மனைவி அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தாள். முன்னால் போன வைத்தியர் ஈரத்தில் கால் வைத்து, இரண்டு கையாலும் காற்றைத் துழாவி, நேரே போய் வாளியில் உட்கார்ந்தார். மாப்புக் கட்டை வந்து மண்டையில் ஒரு போடு போட்டது. தவறி விழுந்தாரா, மகளுக்காகத் தெரிந்தே விழுந்தாரா என்பது இன்றுவரை அவருக்கே நிச்சயமில்லை. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாளியில் இருந்தபடியே வைத்தியர் ஆசையாக மகளைப் பார்த்தார்.

சிட்டு கதவருகே பதக்கத்தோடு விறைப்பாக நின்றாள். கன்னம் மட்டும் லேசாகத் துடித்து அடங்கியது. மன்றத்தின் பயிற்சி எத்தனை தரமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

"இதுக்குச் சிரிக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

"சிரிம்மா," என்றார் வைத்தியர். "நல்லாச் சிரி."

அவள் நேராக நிமிர்ந்து, "ஹா, ஹா," என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்:

"சரியா வந்துச்சாப்பா?"