ஐஸ்மண் சேரும் எட்டாம் காம்பராவும்

தலவாக்கலையில் வெயில் அடித்தால் கோபித்துக்கொண்ட ஒரே மனிதர் ஐஸ்மண் சேர்தான். எங்கள் ஊரில் வெயில் என்பது மந்திரி வருகிற மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காது. அந்த அரை மணி நேரத்தில் ஊரே உடுப்பைக் காயப்போட ஓடும். இவர் மட்டும் ஜன்னலைச் சாத்த ஓடுவார்.

ரோஸ்லின் அக்காவின் போர்டிங்கில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து அறை. நான் அப்போதுதான் மாற்றலாகி வந்த வாத்தியார். அவருக்கு என்ன உத்தியோகம் என்பது முதல் மாதம் எனக்குப் பிடிபடவேயில்லை. ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழைய சாக்கு, உள்ளே ஒரு சிவப்பு பல்ப். ஆள் ரெண்டு ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியுமாக இருப்பார். பத்து வருஷம் எங்கோ வடதேசத்தில், கோடையிலும் உருகாமல் ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்து கிடக்கிற மண்ணைத் துளைபோட்டு எடுத்து, அதற்கு வயது பார்த்தவராம். அப்பேர்ப்பட்டவர் நம்ம ஊர்க் குளிருக்கு நடுங்கலாமா என்று கேட்டேன்.

"அங்க குளிரு வெளியில நிக்கும் மாஸ்டர். இங்க வீட்டுக்குள்ள வந்து நம்ம கட்டில்லயே படுத்துக்குது" என்றார்.

அன்றிலிருந்து அவர் ஐஸ்மண் சேர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

மண்ணுக்கு எப்படி வயது பார்ப்பது என்று ஒரு நாள் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடும்போது விசாரித்தேன். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, பரீட்சைக்குப் பதில் சொல்கிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மணல் இருக்கில்லையா மாஸ்டர், வெயில் பட்டுச்சுன்னா பழசையெல்லாம் மறந்துரும். மேல மண்ணு விழுந்து மூடிருச்சுன்னா அன்னையிலேருந்து புதுக் கணக்கு. சுத்தியுள்ள மண்ணுலேருந்து வர்ற கதிர்வீச்சைக் கொஞ்சங்கொஞ்சமா உள்ள சேத்து வைக்கும். இருட்டுலயே எடுத்துட்டுப் போயி மெசின்ல வச்சு வெளிச்சம் காட்டினா, சேத்து வச்சதை மினுக்குன்னு விட்டுரும். அதை அளந்தா, கடைசியா எப்ப வெயிலைப் பாத்துச்சுன்னு சொல்லிறலாம்."

நடுவில் கொஞ்சம் வெயில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்றேன். வயசு பூஜ்யம், எல்லாம் முடிஞ்சுது என்றார். நீண்ட விடுமுறை முடிந்து வரும் என் பிள்ளைகளும் அப்படித்தான் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. மண் விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. பொகவந்தலாவைப் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் இருபது காம்பரா லயம் ஒன்று, குடும்பத்துக்கு ஓர் அறை என்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் மழைக்கு மழை வெடிப்பு விழுந்துகொண்டிருந்தது. எட்டாம் காம்பராவில் இருந்தது ரோஸ்லின் அக்காவின் தங்கை ஸ்டெல்லாவும் புருஷனும் ரெண்டு பிள்ளைகளும். எங்களை வேறு இடத்தில் குடியேற்றுங்கள் என்று சனங்கள் மனுக் கொடுத்துச் சலித்துப் போயிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அசையாத இடம் இனிமேலா அசையப் போகிறது என்று கேட்டார் பெரிய அதிகாரி. சரி, அந்தச் சரிவு முன்பு எப்போதாவது சரிந்ததற்கு அத்தாட்சி காட்டினால் மழைக்காலத்துக்கு முன்பு கூட்டத்தில் பேசலாம் என்றும் சொல்லிவைத்தார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் ஐஸ்மண் சேர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். லயம் நிற்கிற மண் மேலேயிருந்து சரிந்து வந்த மண், அதுவும் ரொம்பப் பழசில்லை என்பது அவருடைய பயம்.

லயத்துக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் ஆளுயரக் குழி வெட்டினார். குழியின் மேல் கறுப்புப் படங்கைப் போர்த்தி, அதற்குள் படுத்துக்கொண்டு, மண்சுவரில் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குவார். வெளியில் ரெண்டு கால் மட்டும் தெரியும். கொழுந்து பறிக்க வந்த பெண்கள் முதல் நாள் அந்தக் காலைப் பார்த்துவிட்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். பாதி ஒப்பாரியில் கால் ஆடியது. மீதியை அவர்கள் வசையாகப் பாடி முடித்தார்களாம்.

பொகவந்தலாவையில் ஒருவன் ஒளித்து ஒளித்துக் குழி வெட்டினால் ஊர் என்ன நினைக்கும்? மாணிக்கக்கல் என்றுதான் நினைக்கும். பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். குழாயைத் திறந்து காட்டு என்றார். திறக்கமாட்டேன், வேண்டுமானால் நீங்களும் உள்ளே வாருங்கள் என்று சிங்களத்தில் மன்றாடினார் இவர். கொஞ்ச நேரம் படங்குக்கு வெளியே நாலு கால் தெரிந்தது, அதில் ரெண்டு பூட்ஸ் கால். சார்ஜன்ட் தலையெல்லாம் மண்ணோடு வெளியே வந்து, பாவம், நல்ல மனுஷன், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் தோட்டத்துத் துரை விடவில்லை. மாணிக்க வதந்திக்குப் பயந்து குழியை மூடச் சொல்லிவிட்டு, இனித் தோட்டத்தில் மண்வெட்டி விழக்கூடாது என்று கட்டளை போட்டார். கையில் மிஞ்சியது மூன்றே மூன்று குழாய்.

மூன்றையும் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை, வெளிநாட்டு லேப்புக்குப் பார்சல் அனுப்பும் விஷயமாக நுவரெலியா போகப் புறப்பட்டவர் என்னிடம் சொன்னார்: "அறையைக் கூட்ட வேணாம், குழாயைத் தொட வேணாம்னு அக்காகிட்ட மறக்காமச் சொல்லிருங்க மாஸ்டர்."

தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. மறந்துபோனேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அன்றைக்குப் பார்த்து வெயில் வெளுத்து வாங்கியது. நான் திரும்பி வந்தபோது வாசலில் சாக்கு விரித்து, அதில் மூன்று குவியல் மண் காய்ந்துகொண்டிருந்தது. எந்தக் குழாயில் இருந்தது எது என்று மாறிவிடாதபடி ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் அதனதன் குழாய். அக்கா அத்தனை கவனமாகச் செய்திருந்தார். கையில் ஒரு குச்சியோடு கோழி வராமல் காவல் வேறு.

"பாவம் மாஸ்டர், எல்லாம் ஈரமாக் கெடந்துச்சு. பூஞ்சணம் புடிச்சிரும்னு காயப்போட்டேன்" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். குச்சி கையிலிருந்து விழுந்தது. என் தங்கச்சி பிள்ளைகளை நானே கொன்னுட்டேனே என்று அந்தச் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். ஐஸ்மண் சேர் வந்தார், பார்த்தார். நான் என் மறதியைச் சொன்னேன். வாயில் வந்ததைப் பேசி என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ ரோஸ்லின் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மண்ணை ஒரு பையில் வாரினார்.

"காயவைக்க வேண்டிய மண்ணும் கொஞ்சம் வேணும்தான் அக்கா. சுத்தியுள்ள மண்ணுல எவ்வளவு கதிர் இருக்குன்னு பாக்கணுமில்லையா? அதுக்கு இது ஆகும். அழாதீங்க" என்றார்.

அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இருந்து பிரயோசனமில்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூவரும் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொல்லப் போனோம். வெளியே உச்சி வெயில். எட்டாம் காம்பராவுக்குள் காலை வைத்த ஐஸ்மண் சேர், கண் தெரியாமல் ஒரு குடத்தில் இடறி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். முன்வாசலைத் தவிர வெளிச்சம் வர ஒரு பொட்டு வழி இல்லை. பின்னால் இன்னொரு காம்பரா, இரண்டு பக்கமும் காம்பரா, கூரை முழுக்கப் புகைக்கரி. கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினோம். பக்கத்தில் நின்ற ஆளின் முகம் தெரியவில்லை.

"எங்க லேப்புலகூட இப்படி ஒரு இருட்டு கிடையாது மாஸ்டர்" என்றது அவர் குரல். அதே குரல், "நான் பொறந்ததும் இப்படி ஒரு காம்பராவுலதான்" என்றது.

பிறகு அவர் தயங்கித் தயங்கி ஸ்டெல்லாவிடம் கேட்டார், அடுப்படியைக் கொத்தலாமா என்று. துரை தடுத்தது தோட்டத்து மண்ணைத்தானே, வீட்டுக்குள் அவருக்கு என்ன தெரியப் போகிறது?

"கொத்துங்க சேர். நாங்க வெளியில மூணு கல்லை வச்சுப் பொங்கிக்கிறோம்" என்றாள் ஸ்டெல்லா.

லயம் கட்டியவர்களின் மண்வெட்டி படாத மண் வரும்வரை அவளுடைய புருஷன் இடுப்பளவு தோண்டினான். சிவப்பு வெளிச்சம் மணலைக் கெடுக்காதாம்; நத்தார் பண்டிகை நட்சத்திரத்துக்கு ஒட்டி மிஞ்சிய சிவப்புத் தாளை டோர்ச்சில் பல மடிப்பாகச் சுற்றி, ரோஸ்லின் அக்கா பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வெளிச்சத்தில் ஐஸ்மண் சேர் குழிக்குள் இறங்கிக் குழாயை அடித்து இறக்கினார். வாசல் கதவில் முதுகைக் கொடுத்து நின்றது நான். அன்று ஜனாதிபதியே வந்து தட்டியிருந்தாலும் திறந்திருக்கமாட்டேன்.

மழைக்கு முன்பே லேப்பிலிருந்து முடிவு வந்தது. அந்த மண் கடைசியாக வெயிலைப் பார்த்தது, மலையில் தேயிலை வருவதற்குச் சற்று முன்பு; அப்போதுதான் அது மேலேயிருந்து சரிந்து வந்திருக்கிறது. மலையின் வயதோடு பார்த்தால் நேற்று மாதிரி. கூட்டத்தில் ஐஸ்மண் சேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடதாசியை வாசித்தார். இழுத்தடித்து, கையெழுத்துக்கு அலையவைத்து, ஒருவழியாக இருபது குடும்பத்துக்கும் வேறு இடத்தில் வீடு கொடுத்தார்கள். அவர் லீவு முடிந்து உறைமண் தேசத்துக்கே போய்விட்டார்.

போன மழைக்கு அந்தச் சரிவு இறங்கியது. காலை பத்து மணிக்கு, பத்தே நிமிஷத்தில். நானும் அக்காவும் பஸ் பிடித்து ஓடினோம். ஸ்டெல்லா எங்களுக்கு முன்பே வந்து ரோட்டில் நின்றாள். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும்தான் இருந்தது. நான் அங்கிருந்தே ஐஸ்மண் சேருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். சரிந்துவிட்டது என்று சொன்னேன்.

"யாராச்சும் உள்ள இருந்தாங்களா?" என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை என்றேன். அந்தப் பக்கத்தில் அந்தப் பெரிய மனுஷன் விக்கி விக்கி அழுவது கேட்டது. ஸ்டெல்லா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அழாதீங்க சேர்" என்றாள். "நாங்க எல்லாரும் இருக்கோம்."

எனக்கு அவரை ஒருதரம் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.