பனை மரம் தின்னாத ஆடு

ஒரு காட்டில் விமான நிலையம் வந்தது. முதல் ஆளாக டிக்கெட் எடுத்தவர் மயிலார். உங்களுக்குத்தான் இறக்கை இருக்கிறதே என்று யாராவது கேட்டால், தோகை கசங்கிவிடும் என்பார்.

டிக்கெட் எடுக்கும்போது திரையில் ஒரு கட்டம் வந்தது. "நீங்கள் பறந்தால் புகை வரும். அதற்குப் பரிகாரமாக, சாகப்போகிற மரங்களை நாங்கள் காப்பாற்றுகிறோம். கட்டாயமில்லை. மனசிருந்தால் கொஞ்சம் காசு சேர்த்துக் கட்டி டிக் போடவும்."

மயிலாருக்கு மனசிருந்தது. போட்டார்.

அந்தப் பரிகாரக் கடை நரியுடையது. நரிக்கு ஒரே கவலை. காட்டோரம் நாற்பது பனை இருந்தது, ஆனால் ஒன்றுகூடச் சாகிற மாதிரி இல்லை. எல்லாம் திடமாக நின்றன. அவற்றுக்கு அடியில் செவலை என்கிற ஆடு, இரண்டு குட்டிகளோடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. நரி அதனிடம் போனது.

"தங்கச்சி, இந்தப் பனையெல்லாம் திங்கப்போறேன்னு இந்த ஃபாரத்துல ஒரு குளம்பு வை."

"ஐயே, பனை மரத்த நான் எப்படிண்ணே திங்கிறது? எனக்கு எட்டுறது புல்லுதான்."

"நீ திங்க வேணாம்மா. திங்க நெனச்சேன்னு சொன்னாப் போதும். ஒரு மூட்டை புண்ணாக்கு தரேன்."

செவலை குட்டிகளைப் பார்த்தது. ரெண்டுக்கும் பால் பத்தவில்லை. குளம்பை மையில் முக்கி வைத்துவிட்டது.

மயிலாருக்குச் சான்றிதழ் வந்தது: "நாற்பது பனைகளை ஆட்டிடமிருந்து காத்தவர்." கண்ணாடி போட்டு மாட்டினார். மாசம் ஒரு தடவை பறந்தவர் வாரம் ஒரு தடவை பறந்தார். "அதான் டிக் போடுறோமே!"

புண்ணாக்கு எட்டு நாளில் தீர்ந்தது. செவலை மேயப் போனால், பனைகளைச் சுற்றிக் கம்பிவேலி. வேலியில் அதன் படம். காவலுக்கு நின்ற கரடி தடியை நீட்டியது.

"நில்லு! நீதானே அந்த மரந்தின்னி?"

"சாமி, நான் புல்லுதான் சாமி..."

"குளம்பு வச்சிருக்கியே. அப்ப பொய்யா வச்சே?"

பொய் என்றால் ஜெயில். நிஜம் என்றால் வேலிக்கு வெளியே. செவலை நரியிடம் ஓடியது.

"அண்ணே, நான் திருந்திட்டேன்னு எழுதிக் குடுங்கண்ணே. குட்டிங்களுக்குப் பால் இல்ல."

நரி பதறிவிட்டது. "ஐயையோ! நீ திருந்திட்டா மரத்துக்கு ஆபத்து ஏது? நான் எதைக் காப்பாத்துறது? இன்னும் கொஞ்ச நாள் கெட்டவளாவே இரு தாயி."

செவலை திரும்பி வந்து வேலியோரம் நின்றது. மேலே விமானம் போனது. ஜன்னலோரம் இருந்த மயிலார் பக்கத்து சீட்டு ஆமையைத் தட்டினார்.

"அதோ கீழ நிக்குது பாருங்க. அதுகிட்டேருந்துதான் நான் காட்டைக் காப்பாத்திட்டிருக்கேன்."

ஆமை எட்டிப் பார்த்தது. "ஆமாங்க, முழியே சரியில்ல."

கீழே சின்னக் குட்டி, வற்றிப்போன மடியை விட்டுவிட்டுக் கேட்டது. "அம்மா, நீ நெஜமாவே பனை மரம் திம்பியா?"

செவலை வேலிக்குள்ளே பார்த்தது.

"இன்னிக்கு வரைக்கும் இல்லடா."

நீதி: செய்யாத தப்புக்குக் குளம்பு வைத்தால் வேலிக்கு வெளியே நிற்கலாம். செய்கிற தப்புக்கு டிக் போட்டால் ஜன்னலோரம் உட்காரலாம்.