மஞ்சளை நம்பாத டபுள் பாய்

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே எந்தக் கேள்வியையும் ஒருமுறையோடு நிறுத்தத் தெரியாத ஒரே மனிதர் டபுள் பாய்தான். டீக்கடையில், "சக்கர போட்டியா?" என்பார். "போட்டேன் பாய்." ஒரு வாய் குடித்துவிட்டு, "நெசமாவே போட்டியா?" என்பார். நாக்கில் தித்திக்கும்போதே கேட்கிறாரே என்று கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஏரிக்கரையை ஒட்டி, பெப்டைடு என்கிற குட்டிப் புரதச் சங்கிலிகளைத் தயாரிக்கும் சின்ன லேப் ஒன்றில் வேலை பார்த்தோம். நான் சூப்பர்வைசர், அவர் ஆபரேட்டர். மணல் போன்ற ரெசின் உருண்டைகளின் மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை உருண்டையை எடுத்து, மருந்து விட்டுச் சூடாக்குவோம். நீலம் வந்தால் சேரவில்லை. மஞ்சள் என்றால் சேர்ந்துவிட்டது. நடுவில் ஒன்று விட்டுப்போனால் பல வார உழைப்பு குப்பைக்குத்தான்.

பாய் மஞ்சளையும் நம்பமாட்டார். இன்னொரு சிட்டிகை எடுப்பார்.

"அதான் மஞ்சள் வந்துடுச்சே பாய்?"

"ஒருதபா கேட்டா எதுவும் பொய்தான் சொல்லும் நைனா. ரெண்டாந்தபா கேளு, நெசம் வரும்."

வீட்டுக்கும் இதே டெஸ்ட்தான். அவர் மனைவிக்கு இதய நோய். மாத்திரை என்றாலே குமட்டல். மத்தியானம் ஆபீஸ் போனில், "மாத்திர போட்டுக்கினியா?" என்பார். "ஆச்சு" என்று பதில் வரும். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும், "நெசமா?" அதற்குப் பிறகுதான் அந்தம்மா மாத்திரையைத் தேடுவாராம். பாயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் சரக்கு அவசரம். முதலாளி என்னை விரட்ட, நான் பாயை விரட்டினேன். முதல் போன் பேசியாகிவிட்டது. இரண்டாவதுக்கு எழுந்தார்.

"போட்டேன்னுதான் சொல்லிட்டாங்களே! ஒருதரம் கேட்டது போதாதா? உக்காருங்க பாய்!" என்று கத்தினேன். உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தவன் நான். பாய் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தம்மா போய்விட்டார். அன்றைய மாத்திரை அட்டையில் அப்படியே இருந்தது. "ஒரு வேளை மாத்திரை விட்டதால மட்டும் இருக்காது" என்றார் டாக்டர். அவர் ஒருமுறைதான் சொன்னார்.

சரக்கு மட்டும் பழுதில்லாமல் வந்திருந்தது.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மஞ்சள் வந்தால் மஞ்சள் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார். டீக்கடையில் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று கடைக்காரர் என்னிடம் வந்து கண்கலங்கினார்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம், "சாப்ட்டியா நைனா?" என்றார்.

"சாப்ட்டேன் பாய்."

கதவு வரை போனவர் திரும்பினார். "நெசமாவே சாப்ட்டியா?"

சாப்பிட்டிருக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினார். அவரே சமைத்த சோறு, குழைந்து கிடந்தது.

"உப்பு சரியா கீதா?"

"சரியா இருக்கு பாய்" என்றேன்.

உப்பே இல்லை. இன்னொரு முறை கேட்கமாட்டாரா என்று தலைகுனிந்து காத்திருந்தேன்.